துரு நீங்கட்டும், பிறகு வண்ணம்!

புனே நகரத்திற்கு ஒரு காலத்தில் ‘சைக்கிள்களின் ஊர்’ என்று பெயர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றவரும், பெர்குசன் கல்லூரிக்குப் படிக்கச் சென்றவரும், லட்சுமி சாலைக்குக் கடை திறக்கச் சென்றவரும் சைக்கிளிலேயே சென்றனர். அந்தப் பெயர் போனதற்கும் இந்த ஊரே காரணமாயிற்று என்பதுதான் வியப்பு. 1972ஆம் ஆண்டில் புனேயைச் சேர்ந்த பஜாஜ் நிறுவனம் சேத்தக் ஸ்கூட்டரை வெளியிட்டது. அதே ஆண்டில் இவ்வூரைச் சேர்ந்த கைனெடிக் நிறுவனம் லூனா மொபெட்டை வெளியிட்டது. காலால் மிதித்த ஊர் கையால் முறுக்கும் ஊராக மாறியது. வாசலில் நின்ற சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போயிற்று. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

போகாமல் தங்கிவிட்டவையும் உண்டு. எந்த விடுதியின் சைக்கிள் கொட்டகையை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். படிப்பு முடித்து ஊருக்குப் போனவர்கள் விட்டுச் சென்ற சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். டயர் வற்றிக் கிடக்கும். செயின் செங்கல் நிறமாகியிருக்கும். ஆனால் பிரேம்? பெரும்பாலானவற்றில் பிரேம் நன்றாகவே இருக்கும். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த பிரேம் அவ்வளவு எளிதில் சாவதில்லை. நாம்தான் அதன் மேல்தோலைப் பார்த்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தப் பிரேம்களை நம் கையாலேயே சுரண்டி, துரு நீக்கி, வண்ணம் பூசி, மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கடையில் கொடுத்துப் பூசிக்கொள்வது வேறு; நாமே செய்வது வேறு. நாமே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பணம் மட்டும் அன்று. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

“படிக்க வந்த பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?” என்ற கேள்வி முதலில் எழும். நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்விதான் இது. அன்பினால் கேட்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்புக்குள் ஒரு பழைய எண்ணமும் ஒளிந்திருக்கிறது. எழுதுகிற கை உயர்ந்தது, தேய்க்கிற கை தாழ்ந்தது என்ற எண்ணம் அது. இரும்பு அடிப்பவனுக்கு ஒரு தெரு, ஏடு படிப்பவனுக்கு ஒரு தெரு என்று ஊரைப் பிரித்து வைத்தது அந்த எண்ணந்தானே? படிப்பு அதை அழிக்கும் என்று நம்பினோம். சில வேளைகளில் படிப்பே அதற்குப் புது மெருகு கொடுத்துவிடுகிறது. பட்டம் பெற்றவன் திருகாணியைத் தொட்டால் பட்டத்திற்கு இழுக்கு என்று நினைக்கும் நிலை இன்னும் முற்றிலும் போய்விடவில்லை.

நம் பல்கலைக்கழகம் 1949இல் தொடங்கப்பட்டது. 2014 முதல் சாவித்திரிபாய் புலே அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1848இல் இதே புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர் என்று அவரைப் போற்றுகிறோம். 1897இல் பிளேக் நோய் பரவியபோது அவர் என்ன செய்தார் என்பதையும் நினைக்க வேண்டும். நோயுற்ற சிறுவனைத் தம் முதுகிலேயே சுமந்து சென்றார். அந்நோய் தொற்றியே மறைந்தார். கற்பித்தவருக்கு உடலுழைப்பு இழிவாகப் படவில்லை. அவர் பெயர் பொறித்த வாயில் வழியே நுழையும் நமக்கு, உப்புத்தாள் பிடிப்பது இழிவாகப்படலாமா?

சரி, உப்புத்தாள் பிடிப்பதால் என்ன கற்கிறோம்? முதலில், துரு என்றால் என்ன என்பதைக் கற்கிறோம். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடினால் துரு உண்டாகும் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு சிறு கீறல் வழியே ஈரம் உள்ளே போகிறது. வண்ணத்திற்கு அடியில் துரு வளர்கிறது. வளர்ந்த துரு வண்ணத்தைக் கொப்புளம்போல் மேலே தூக்குகிறது. தூக்கிய இடத்தில் மேலும் ஈரம் நுழைகிறது. கொப்புளத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். வண்ணம் சில்லாக உதிர்ந்து, அடியில் நீங்கள் நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு அகலத்திற்குத் துரு பரவியிருக்கும். புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த செய்தி அப்போதுதான் அறிவாக மாறுகிறது.

துருவை வென்ற இரும்பும் நம் நாட்டில் உண்டு. டில்லியில் குதுப்மினாருக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி என்றும், அதனால் தூணின் மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று உருவாகிக் காவலாக நிற்கிறது என்றும் அவர் விளக்கினார். சைக்கிள் தொழிற்சாலைகள் வண்ணம் பூசுமுன் எஃகைப் பாஸ்பேட் கரைசலில் நனைப்பதும் இதே நோக்கத்திற்காகத்தான். கடையில் துருநீக்கி என்று விற்கும் நீர்மங்கள் பலவற்றில் இருப்பதும் பாஸ்பாரிக் அமிலமே. விடுதியின் பின்கட்டில் உட்கார்ந்து பழைய பிரேமின்மேல் அதைத் தடவும் மாணவன், பழைய கொல்லன் அறிந்தோ அறியாமலோ செய்ததைத் தெரிந்தே செய்கிறான்.

இரண்டாவதாக, வண்ணம் பொய் சொல்லும் என்பதைக் கற்கிறோம். இதுதான் முக்கியமானது, உயிரோடு தொடர்புடையதும்கூட. பழைய சைக்கிள் வாங்கப் போகிறவன் பளபளப்பைப் பார்த்து மயங்குகிறான். புதிதாகப் பூசிய பழைய சைக்கிளைக் கண்டால் மகிழ்வதற்குப் பதிலாக ஐயுற வேண்டும். எதை மறைக்கப் பூசினார்கள்? எதிரே மோதிய சைக்கிளில், ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் அடிப்புறத்தில் மெல்லிய மடிப்பு ஒன்று இருக்கும். விரலால் தடவினால் அலைபோல் தட்டுப்படும். பழைய வண்ணம் அந்த இடத்தில் கோடுகோடாய் வெடித்து உண்மையைச் சொல்லிவிடும். புது வண்ணம் அந்தச் சாட்சியை வாயடைத்துவிடும். பெடல் அச்சு போகும் குழாயில் நீர் தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கலாம். முன் போர்க்கின் மேற்பகுதியில் மயிரிழைபோல் விரிசல் இருக்கலாம். அத்தகைய சைக்கிளில் பல்கலைக்கழகச் சரிவில் வேகமாய் இறங்கி வருகிறவன் கதி என்ன?

நாமே சுரண்டும்போது இந்த ஏமாற்றுக்கு இடமில்லை. பிரேமின் ஒவ்வோர் அங்குலத்தையும் கை தொடுகிறது, கண் பார்க்கிறது. விரிசலோ மடிப்போ கண்டால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் பிரேமை இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்றக் கூடாது என்று தெரிவதும் இந்த வேலையின் பயன்களில் ஒன்று.

மூன்றாவது ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும் சுரண்டிவிடக் கூடாது! பழையது என்றாலே அழித்துவிட்டுப் புதிதாய்ப் பூச வேண்டும் என்ற வேகம் இளைஞருக்கு இயல்பு. ஆனால் பழைய கறுப்புச் சைக்கிள்களின் வண்ணம் சாதாரணமானது அன்று. தொழிற்சாலையில் பிரேமின்மேல் இனாமல் ஏற்றி, உலையில் சுட்டு இறுக வைத்தார்கள். நாம் வீட்டில் தூரிகையால் பூசும் எந்த வண்ணமும் அந்த உறுதிக்கு ஈடாகாது. ஆகவே ஒட்டிக்கொண்டு நிற்கும் நல்ல வண்ணத்தை விட்டுவிடுங்கள். அதன் மினுமினுப்பை மட்டும் நுண்ணிய தாளால் சற்று மங்கவைத்தால், புது வண்ணம் அதன்மேல் நன்றாகப் பற்றும். துருப்பிடித்த இடத்தையும், துருவைச் சுற்றித் தளர்ந்த இடத்தையும் மட்டுமே இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். மங்கிய பொற்கோடும், தலைக்குழாயில் பதித்த பித்தளைச் சின்னமும் கெடாமல் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள்.

அந்தச் சின்னங்களில் நம் கதையும் இருக்கிறது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களைப் பார்த்தால் இங்கிலாந்து நினைவுக்கு வரும். பெயர்கள் அங்கிருந்து வந்தவைதாம். ஆனால் அந்தப் பெயர்களோடு இந்தியச் சாலைகளில் ஓடிய சைக்கிள்களில் மிகப் பல, சென்னையை அடுத்த அம்பத்தூரில் பிறந்தவை. முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை 1949இல் தொடங்கினர். நம் பல்கலைக்கழகமும் அந்த நிறுவனமும் ஒரே வயதினர்! புனே விடுதிக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கும் ஒரு பழைய பிரேமைத் துடைத்துப் பார்த்தால், அதுவும் நம்மைப்போல் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

வடக்கே சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ் நிறுவனத்தின் கதை வேறு. சாகிபாபாத்தில் எஞ்சியிருந்த அதன் பெரிய தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் நாள் வேலையை நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் நாள் என்பது காலத்தின் கேலி. செய்த இடத்தில் உலை அணைந்தது. செய்த சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. அந்தப் பிரேம்களைக் காப்பது இனி வைத்திருப்பவர் கையில்தான் இருக்கிறது. பழைய சைக்கிள்களின் பெருமையைக் காண விரும்புவோர், இந்நகரிலேயே கார்வே நகரில் விக்ரம் பெண்ட்சே என்னும் ஆர்வலர் அமைத்திருக்கும் சைக்கிள் அருங்காட்சியகத்திற்குச் சென்று வரலாம். ஆனால் அருங்காட்சியகத்தின் நோக்கம் வேறு, மாணவனின் நோக்கம் வேறு. அங்கே சைக்கிள் நிற்க வேண்டும். இங்கே ஓட வேண்டும். காட்சிக்கு வைக்கத்தக்க அரிய சைக்கிள் ஒன்று கையில் கிடைத்தால், தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அறிந்தவரிடம் காட்டுங்கள். மற்றவற்றை ஓட்டுவதற்காகப் பூசுங்கள்.

செய்ய விரும்புவோர்க்காக முறையையும் சொல்லிவிடுகிறேன். இது பெரிய வித்தை அன்று, பொறுமைதான் வேண்டும்.

முதலில் காலம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் மழைக்காலம். அப்போது இரும்பு துருப்பிடிக்கும், வண்ணம் காயாது. தீபாவளி கழிந்து மகாசிவராத்திரி வரையுள்ள உலர்ந்த காலமே இந்த வேலைக்கு ஏற்றது. அதிலும் பனி விலகிய பின் காலையில் தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் முடிக்க வேண்டும்.

அடுத்து, சைக்கிளைப் பிரிக்க வேண்டும். சக்கரம், மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஹேண்டில்பார், சீட் எல்லாம் கழற்றப்படட்டும். கழற்றுமுன் கைப்பேசியில் ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுவே வழிகாட்டி. பால்ரஸ் குண்டுகளை எண்ணி ஒரு மூடியில் போட்டு வையுங்கள். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் கண்மூடித்தனமாய் அடிக்காதீர்கள். அதற்குச் சைக்கிள் கடைக்காரரின் பழகிய கை வேண்டும்.

பிறகு கழுவ வேண்டும். மசகும் எண்ணெயும் இருக்கும் இடத்தில் எந்த வண்ணமும் ஒட்டாது. மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ கொண்டு மசகைத் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

அதன்பின் சுரண்டல். கம்பித் தூரிகையால் தளர்ந்ததை உதிர்த்து, 80ஆம் எண் தாளால் துருவை எடுத்து, 180, 400 என்று படிப்படியாக நுண்ணிய தாளுக்கு வர வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி செய்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றிற்கும், அந்த விதிக்குள் வராத தொழிற்சாலை வண்ணங்களுக்கும் யார் உறுதி சொல்வது? ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர்த் தாளை நனைத்து நனைத்துத் தேயுங்கள். முகமூடி அணியுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, உதிர்ந்ததையெல்லாம் திரட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அறைக்குள்ளும், பாத்திரம் கழுவும் இடத்திலும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். கை கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

இரும்பு தெரிந்த பிறகு காலம் கடத்தக் கூடாது. அன்றே துடைத்து உலர்த்தி, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிவிட வேண்டும். “நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டால், இரவின் ஈரத்திலேயே புதிய துரு மெல்லிய மஞ்சளாய்ப் படர்ந்துவிடும். பிரைமர் ஒருநாள் காயட்டும். பிறகு 400ஆம் எண் தாளால் லேசாகத் தடவி, துடைத்து, இனாமல் வண்ணத்தைப் பூசலாம். அடர்த்தியாய் ஒரே பூச்சில் முடிக்க ஆசை வரும். வழிந்து திரண்டு அசிங்கமாவது அந்த ஆசையினால்தான். பதறாத காரியம் சிதறாது. மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒருநாள் விட்டுப் பூசுங்கள். தலைக்குழாய் வழியே கம்பி ஒன்றைக் கோத்து மரக்கிளையிலோ கொடிக்கம்பத்திலோ தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் எட்டும். ஒரு பிரேமுக்குக் கால் லிட்டருக்கும் குறைந்த வண்ணமே போதும்.

பூசக் கூடாத இடங்களையும் நினைவில் வையுங்கள். மரையிலும், பால்ரஸ் ஓடும் கப்பிலும் வண்ணம் படக்கூடாது. ஒட்டுத்தாள் சுற்றி மறையுங்கள். பிரேமில் பொறித்த எண்ணை வண்ணத்தால் மூடவே கூடாது. அந்த எண்தான் அது யாருடைய சைக்கிள் என்பதற்குச் சான்று. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரமாவது பொறுங்கள். விரலுக்குக் காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே மென்மையாகவே இருக்கும். அவசரப்பட்டுக் கிளாம்பை இறுக்கினால் வண்ணம் தோலாய் உரிந்துவிடும்.

இனி, மறுத்துப் பேசுவோர்க்கு வருவோம்.

“பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்தால் இதைவிட உறுதியாக இருக்குமே” என்பர். உண்மைதான். தூளாகத் தூவி, சூட்டடுப்பில் உருக்கி இறுக வைக்கும் அந்தப் பூச்சு நம் தூரிகைப் பூச்சைவிட உறுதியானது. முழுவதும் கெட்டுப்போன பிரேமுக்கு அதுவே சிறந்தது. வசதி உள்ளவர் செய்துகொள்ளட்டும். ஆனால் பட்டறைக்கு அனுப்புமுன் சுரண்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்று அறியும் வேலையாவது நம்முடையதாக இருக்கட்டும்.

“சைக்கிள் கடைக்காரரின் பிழைப்பில் மண் போடுகிறீர்களே” என்பர் சிலர். இல்லை. சக்கரத்தின் கோணல் எடுப்பதும், கப்பு மாற்றுவதும், ஆரக்கம்பி கட்டுவதும் அவருக்கே உரிய கலை. சைக்கிள் உயிரோடு இருந்தால்தான் அந்த வேலைகள் அவரைத் தேடி வரும். சாலையோரச் சைக்கிள் கடைகள் குறைந்துபோனது நாம் சுயமாகப் பழுது பார்த்ததாலா? சைக்கிளைத் தூக்கி எறிந்ததால் அல்லவா?

“இந்த ஊர்ச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து” என்ற மறுப்பு மற்றவற்றைவிட வலுவானது. அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஸ்கூட்டர்களும் பேருந்துகளும் நெருக்கும் கணேஷ்கிண்ட் சாலையில் அச்சம் இயல்பே. சாலையில் சைக்கிளுக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெறுவது நகராட்சியிடம் நாம் நடத்த வேண்டிய தனி வழக்கு. ஆனால் நம் வளாகமே ஏறத்தாழ 411 ஏக்கர். விடுதியிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து ஜெயகர் நூலகத்திற்கும் நடந்து நடந்து கால் ஓய்பவர்கள் எத்தனை பேர்! வளாகத்துக்குள் மட்டும் ஓடினாலும் ஒரு சைக்கிள் தன் கூலியைத் தந்துவிடும்.

இன்னொரு பாடமும் இந்த வளாகத்திலேயே கிடைத்தது. 2017 டிசம்பரில் நம் பல்கலைக்கழகத்திலும் ஔந்து பகுதியிலும் வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கியது. பின்னர் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. நல்ல திட்டந்தான். ஆனால் சைக்கிள்கள் உடைக்கப்பட்டன. கண்ட இடங்களில் வீசப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் நிறுவனங்கள் விலகிக்கொண்டன. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது யாருடைய சைக்கிளும் அன்று. நான்கு நாள் உட்கார்ந்து துரு எடுத்த சைக்கிளை எவனும் சாக்கடையில் தள்ளமாட்டான். உழைப்பு உரிமையைத் தருகிறது. உரிமை அக்கறையைத் தருகிறது.

சைக்கிளைச் சிறு பொருள் என்று எண்ண வேண்டாம். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த காலம் அது. கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயலில் உழைத்த பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினர். பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்து ஓட்டினர். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டும் போயினர். கிடைத்த பழைய சைக்கிள் அவர்களைச் சந்தைக்கும் வேலைக்கும் தண்ணீருக்கும் யார் துணையுமின்றி அழைத்துச் சென்றது. நம்மிலும் பலர், பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளி சென்றவர்கள்தாமே? அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் பள்ளிப் படிப்பே நின்றிருக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

இன்று அதே வீடுகளிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ புனேக்கு வருகிறார். மொழி புதிது, ஊர் புதிது, கையில் உதவித்தொகை இன்னும் வரவில்லை. ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமில்லை; கேட்க நாணம். புதுச் சைக்கிளின் விலை அவர் வீட்டுக்குப் பெருஞ்சுமை. இங்கே கொட்டகையில் ஆளில்லாச் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இந்த இரண்டையும் இணைக்க முடியாதா?

முடியும் என்றே நினைக்கிறேன். நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் கொண்டாடுகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. மழை ஓய்ந்ததும் விடுதிக் காப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்போம். அறிவிப்புப் பலகையில் பிரேம் எண்களை வெளியிட்டு, உரியவர் வந்து கேட்க ஒரு மாதம் அவகாசம் கொடுப்போம். கேட்பாரற்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமைதோறும் காலை மூன்று மணிநேரம் கூடுவோம். இயற்பியல் படிப்பவரும் இலக்கியம் படிப்பவரும், அண்ணன்மாரும் அக்காமாரும், புதிதாய் வந்தவரும் சேர்ந்து சுரண்டுவோம். பக்கத்திலுள்ள சைக்கிள் கடைக்காரரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, ஆசிரியராக உட்கார வைப்போம். அவரோடு மராத்தி பேசப் பழகுவது நமக்குக் கிடைக்கும் கூடுதல் ஊதியம். மராத்தி மாணவர்களும் வந்தால் வரவேற்போம். துருவுக்கு மொழி கிடையாது.

சைக்கிளைப் பெறுகிறவரும் சும்மா வந்து வாங்கிப் போகக் கூடாது. அவரும் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். தானம் வாங்கினோம் என்ற கூச்சம் அவருக்கு இராது. தன் கையால் ஆக்கிய சைக்கிள் என்ற பெருமிதம் இருக்கும். படிப்பு முடிந்து போகும்போது அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும். என்ன வண்ணம் பூசுவது என்பது மட்டும் அவரவர் விருப்பம். கறுப்பே அழகு என்பார் ஒருவர். மாம்பழ மஞ்சள்தான் வேண்டும் என்பார் இன்னொருவர். அந்தச் சண்டைக்கும் சங்கத்தில் இடம் இருக்கட்டும்.

நண்பர்களே, தோழியரே! வருகிற தீபாவளி கழிந்த முதல் சனிக்கிழமையில் தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளட்டும். நான்கு கம்பித் தூரிகை, ஒரு கட்டு உப்புத்தாள், ஒரு டப்பா பிரைமர் இருந்தால் போதும். பழைய சட்டை ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.